முதல் வாத்து வேட்டைக்கு முன்: துப்பாக்கி, தோட்டா, குறி

வாத்து வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர் துப்பாக்கிக் கடையில் இரண்டு மணி நேரம் நிற்பார். தோட்டா அலமாரி முன்னால் ஐந்து நிமிடம். சுட்டுப் பழக ஒரு சனிக்கிழமைகூட ஒதுக்க மாட்டார். நானும் அப்படித் தொடங்கியவன்தான். முதல் பருவத்தில் இரண்டு பெட்டித் தோட்டாவைத் தீர்த்து நான்கு பறவை எடுத்தேன். அதிலும் ஒன்று பக்கத்தில் இருந்த நண்பர் சுட்டதோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

தவறிய வாத்துகளைப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, துப்பாக்கியின் மேல் பழி போட ஒன்றுகூட இல்லை. தூரம் தெரியாமல் சுட்டிருக்கிறேன். தாளில் சோதித்துப் பார்க்காத தோட்டாவை நம்பியிருக்கிறேன். பறவையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் குழல் முனையைப் பார்த்திருக்கிறேன். ஆகவே துப்பாக்கியைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிட்டு மற்றதில் நிதானமாக உட்காரப் போகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வேட்டைக்கு இடமில்லை.

முதலில் காகிதம்

துப்பாக்கி வாங்குவதற்கு முன் வேட்டைக் கல்வி வகுப்பை முடியுங்கள். மாநில உரிமத்துக்குப் பெரும்பாலும் அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். வலசைப் பறவை வேட்டைக்கு ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பதிவும் உண்டு. உரிமம் வாங்கும்போதே அதையும் சேர்த்து முடித்துவிடலாம். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூட்டாட்சி டக் ஸ்டாம்ப் கட்டாயம், விலை 25 டாலர். 1934-இல் ஒரு டாலருக்குத் தொடங்கிய இந்த ஸ்டாம்பின் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. வேட்டையே ஆடாத பறவை ஆர்வலர்கள்கூட இதை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். தாள் ஸ்டாம்பாக வாங்கினால் அதன் மேல் மையால் கையெழுத்துப் போட வேண்டும். புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

துப்பாக்கிக்கும் சட்டம் உண்டு. சிறு ரவைகளைக் கூட்டமாகச் சுடும் ஷாட்கன் 10 கேஜைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கேஜ் என்பது குழலின் அளவு, கீழே சொல்கிறேன். உள்ளே மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது. பம்ப், செமி ஆட்டோ வகைகளின் தோட்டாக் குழாய்க்குள் இதற்காக ஒரு அடைப்புக்கட்டை போட்டிருக்க வேண்டும். புதுத் துப்பாக்கியோடு பெரும்பாலும் அது வரும். பழையதை வாங்கினால் முந்தைய சொந்தக்காரர் கழற்றி எறிந்திருக்கலாம். நீங்களே தோட்டாவை வைத்து எண்ணிப் பாருங்கள்: குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் ஒன்று, குழாயில் இரண்டு, அதோடு நிற்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். எச்-1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டாலும் கணக்கு அதேதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் மாநிலச் சட்டம் அதற்கு மேல் வேறு சொல்லலாம். விசாவோடு விளையாட வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி

கேஜ் என்பது பழைய காலத்துக் கணக்கு. குழலின் உள்விட்டம் அளவுள்ள ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுதான் கேஜ் எண். பன்னிரண்டு உருண்டை என்றால் 12 கேஜ். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்: 12 கேஜின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜுக்கு சுமார் 15.6.

முதல் துப்பாக்கிக்கு 12 கேஜ், 3 அங்குல அறை. இதற்கு மேல் யோசிக்க அதிகம் இல்லை. எந்த ஊர்க் கடையிலும் இதற்குத் தோட்டா கிடைக்கும், சின்ன வாத்திலிருந்து கனடா கூஸ் வரைக்கும் போதும். அதே அறையில் 2¾ அங்குலத் தோட்டாவையும் சுடலாம். 1988-இல் வந்த 3½ அங்குல 12 கேஜ் தோட்டாவைப் பற்றிக் கடைக்காரர் ஆர்வமாகச் சொல்வார். நான் அந்த ஆர்வத்தில் விழுந்தேன். அந்தத் தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டால் உதை பயங்கரம். பத்துப் பதினைந்து சுட்டதும், விசையை இழுக்கும் முன்பே தோள் பயந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. சிறிய உடல்வாகு உள்ளவர், உதையே பிடிக்காதவர் 20 கேஜ் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ரவை குறையும், ஆகவே தூரத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வகை என்று பார்த்தால் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப், தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ, நடுவில் மடங்கித் திறக்கும் மடக்கு என்று மூன்று. பம்ப் சேற்றிலும் குளிரிலும் அடம்பிடிக்காது, விலையும் குறைவு. மாஸ்பெர்க் 500, 1950-இல் வந்த ரெமிங்டன் 870 இரண்டும் சதுப்பு நிலங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக அடிபட்டுத் தேறியவை. பம்பில் ஒரு வில்லங்கம் உண்டு. பதற்றத்தில் கைப்பிடியை முழுசாகப் பின்னுக்கு இழுக்காமல் பாதியில் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது, இரண்டாவது வாத்து சிரித்துக்கொண்டே போய்விடும். செமி ஆட்டோவில் இந்தக் கவலை இல்லை. அதிலும் வாயு அழுத்தத்தில் இயங்குவது உதையைக் குறைக்கும், ஆனால் கரி பிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். உதையின் விசையிலேயே இயங்கும் இனர்ஷியா வகை சுத்தமாக ஓடும், ஆனால் உதை தோளுக்கு நேராக வரும். மடக்குத் துப்பாக்கியில் இரண்டே சுடு. திறந்து வைத்தால் காலியாக இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும், அது பெரிய நிம்மதி.

என்னைக் கேட்டால், தோளில் பதியும் கட்டை பிளாஸ்டிக்கில் இருக்கும் ஒரு பம்ப். குழல் 26 அல்லது 28 அங்குலம். குழல் முனையைக் குறுக்கும் சோக், கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். மீதிப் பணத்தைத் தோட்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி யாராவது இனாமாகக் கொடுத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் உடனே எஃகுத் தோட்டாவைப் போட்டுவிடாதீர்கள். மெல்லிய குழலும் இறுக்கமான நிலைச் சோக்கும் கடினமான எஃகு ரவையைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. பெல்ஜியத்தில் செய்த பழைய ப்ரௌனிங் ஆட்டோ-5 குழல்களில் எஃகு வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் முதலில் காட்டுங்கள்.

வாங்கும் முன் கடையில் ஒரு சோதனை. வேட்டைக்குப் போடும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. துப்பாக்கி காலி என்று இருவரும் பார்த்த பிறகு, ஆளில்லாத பக்கம் நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் படிந்ததும் கண்ணைத் திறங்கள். முனை மணியும் குழலின் மேற்பட்டை கொஞ்சமும் தெரிந்தால் பொருத்தம் சரி. மேற்பட்டை முழுக்க நீளமாகத் தெரிந்தால் சுடு மேலே போகும், எதுவுமே தெரியாவிட்டால் கீழே போகும். ஏற்றும்போது கட்டை அக்குளில் மாட்டினால் அது உங்களுக்கு நீளம். கோட்டின் தடிமன் மட்டுமே அரை அங்குலத்தைத் தின்றுவிடும்.

தோட்டா

வாத்துகள் இரையை அரைப்பதற்காகச் சின்னச் சின்னக் கல்லை விழுங்கும். நீரடியில் கிடந்த ஈய ரவையையும் கல் என்று நினைத்து விழுங்கின. அது இரைப்பையில் அரைபட்டு உடம்பில் ஏறி, சுடப்படாத பறவைகளையும் கொன்றது. அதனால் 1991-இலிருந்து அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. கனடாவும் 1990-களில் அதே வழிக்கு வந்தது. பையில் ஒரே ஒரு ஈயத் தோட்டா தவறுதலாகக் கிடந்தாலும் அபராதம் வரும். புறா வேட்டைக்குப் போட்ட அதே சட்டையை வாத்துக்கும் போடுகிறவர்கள் எல்லாப் பையையும் உதறிப் பார்க்க வேண்டும்.

ஈயத்துக்குப் பதிலாக அதிகம் விற்பது எஃகு. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகு 7.8. லேசான ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதற்கு ஈடாகப் பெரிய ரவையாக எடுக்க வேண்டும். ஈயத்தில் 4-ஆம் எண் போட்ட இடத்தில் எஃகில் 2-ஆம் எண் என்று இரண்டு படி ஏறுவது வழக்கம்.

எண் குழப்பும். சின்ன எண் பெரிய ரவை. ஒரு சுலபக் கணக்கு: 17-இலிருந்து ரவை எண்ணைக் கழியுங்கள், வருவது நூறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் விட்டம். 2-ஆம் எண் என்றால் 15, அதாவது 0.15 அங்குலம். 4-ஆம் எண் 0.13. கூஸுக்குப் போடும் பிபி 0.18.

பெரிய ரவை என்றால் எண்ணிக்கை குறையும். ஒரு அவுன்ஸ் எஃகில் 4-ஆம் எண் சுமார் 190, 2-ஆம் எண் சுமார் 125, பிபி சுமார் 72. ஒரு ரவை எவ்வளவு பலமாக அடிக்கிறது, எத்தனை ரவை பறவை மேல் படுகிறது, இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம்தான் தோட்டாத் தேர்வு.

மல்லார்ட், ஊசிவால் போன்ற பெரிய வாத்துக்கு 2 அல்லது 3. டீல் எனப்படும் கிளுவை, பறவைகளை ஈர்க்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளுக்கு மேலே நெருங்கி வரும் இடத்தில், 4. கனடா கூஸுக்கு பிபி. ஒரே ஒரு வகைதான் வாங்குவேன் என்றால் 3 அங்குலம், 1¼ அவுன்ஸ், 2-ஆம் எண். பருவம் முழுவதும் அதே நிறுவனத்தின் அதே தோட்டாவையே சுடுங்கள். வாரம் ஒரு பெட்டி மாற்றினால் தவறு யாருடையது என்று கடைசி வரை தெரியாது.

பெட்டியில் வேகத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நொடிக்கு 1,550 அடி, 1,700 அடி என்று. நொடிக்கு 1,400 அடியே தாராளம். வேகமாகக் கிளம்பும் ரவை காற்றிலும் வேகமாகத்தான் தளரும். 40 கஜத்தில் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும், தோள் வலி மட்டும் முழுசாக மிஞ்சும்.

பிஸ்மத் 9.6 அடர்த்தி, ஈயத்துக்குப் பக்கத்தில் வரும், மென்மையானது, பழைய துப்பாக்கிகள் பலவற்றுக்கும் ஒத்துவரும். விலை எஃகைப்போல் பல மடங்கு. டிஎஸ்எஸ் எனப்படும் டங்ஸ்டன் ரவை 18-ஐத் தொடும், ஒரு தோட்டாவின் விலையைக் கேட்டால் வாத்தை நோக்கிச் சுட மனசு வராது. பழகும் காலத்தில் இரண்டும் தேவையில்லை.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் அது இது. 20 கேஜ் தோட்டாவும் 12 கேஜ் தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழலில் சிக்கி நிற்கும். சுடவில்லையே என்று அதன் பின்னால் ஒரு 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இருட்டில் மஞ்சள் தெரியாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சோக்கும் தாளும்

சோக் என்பது குழல் முனையில் உள்ள சிறு குறுக்கம். ரவைக் கூட்டம் எவ்வளவு சீக்கிரம் விரிய வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் ரவை விழுகிறது என்பது அளவுகோல். ஈய ரவைக்குச் சொல்லும் பழைய கணக்கில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. எஃகு ரவை நசுங்காமல் கூட்டமாகப் போவதால் அதே சோக்கில் இன்னும் நெருக்கமாக விழும். ஆகவே எஃகுக்கு மாடிஃபைடில் தொடங்குங்கள், பறவை மிக நெருங்கி வரும் குட்டையில் இம்ப்ரூவ்டு சிலிண்டர். ஃபுல் சோக்கில் பெரிய எஃகு ரவையைத் திணிக்க வேண்டாம். அந்தச் சோக்கு எஃகுக்கு ஏற்றதா என்பதை அதன் மேல் எழுத்திலோ கையேட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சோக்கின் பெயரை நம்பி வேட்டைக்குப் போகக் கூடாது. ஒரே பெயர் போட்ட இரண்டு சோக்குகள், ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனத் தோட்டாக்கள், நான்கு விதமாகச் சுடும். தாளில் பார்த்தால்தான் உண்மை.

நாலடிக்கு நாலடி தாளை வாங்குங்கள், நடுவில் ஒரு புள்ளி. அனுமதி உள்ள சுடுதளத்தில், பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், நாடா வைத்து அளந்து 40 கஜத்தில் நிறுத்துங்கள். காலடிக் கணக்கு வேண்டாம், எல்லாருடைய காலடியும் நமக்குச் சாதகமாகவே பொய் சொல்லும். கண்ணாடியும் காதடைப்பானும் போட்டுக்கொள்ளுங்கள், எஃகு ரவை கடினமான எதிலும் பட்டுத் திரும்பி வரும். ஒரு தாளுக்கு ஒரே சுடு. ரவை அடர்ந்து விழுந்த இடத்தை மையமாக வைத்து, 15 அங்குலக் கயிற்றில் பேனாவைக் கட்டி வட்டம் போடுங்கள். உள்ளே இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் குறித்தபடி எண்ணுங்கள். குறைந்தது மூன்று தாள் செய்து சராசரி எடுங்கள்.

பெரிய வாத்துக்கு வட்டத்துக்குள் 85 முதல் 90 ரவையாவது வேண்டும். முன்னே சொன்ன 1¼ அவுன்ஸ் 2-ஆம் எண் தோட்டாவில் சுமார் 156 ரவை இருக்கும். 60 சதவீதம் விழுந்தால் 94, தேறிவிட்டது. 50 சதவீதம்தான் என்றால் 78, போதாது. அப்போது சோக்கை ஒரு படி இறுக்கலாம், தோட்டா நிறுவனத்தை மாற்றலாம், அல்லது 35 கஜத்தில் தாளை வைத்து மறுபடி எண்ணி, என் எல்லை இவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் செலவே இல்லாத வழி. ஏனோ யாருக்கும் அது பிடிப்பதில்லை.

எண்ணும்போது இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் போட்ட புள்ளிக்கும் வட்ட மையத்துக்கும் எவ்வளவு விலகல்? மூன்று தாளிலும் ஒரே பக்கம் அரை அடிக்கு மேல் விலகினால் கட்டைப் பொருத்தத்தையோ உங்கள் கன்னம் படியும் விதத்தையோ சரி செய்ய வேண்டும்.

குறி

முதலில் எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாலும் அதன் வழியே பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் அப்படியே தெரிந்தால் திறந்திருக்கும் கண்தான் ஆதிக்கக் கண். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் எல்லாச் சுடும் இடப்பக்கமாகவே ஓடும். இடது தோளுக்கு மாறிப் பழகலாம், அல்லது சுடுகண்ணாடியின் இடது வில்லையில் பார்வைக்கு நேராக ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே தோள் மாறுகிறவர்கள் பிற்பாடு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

ரைஃபிளில் குறி பார்க்கிறோம். ஷாட்கனில் கையை நீட்டிக் காட்டுகிறோம். பறந்து போகும் காக்கையை விரலால் காட்டும்போது விரல் நுனியைப் பார்ப்போமா? அதே மாதிரி கண் பறவை மேல், அதுவும் அதன் தலை மேல் இருக்க வேண்டும். முனை மணியைப் பார்த்த அடுத்த கணம் குழல் நின்றுவிடும், சுடு பறவைக்குப் பின்னால் போகும்.

எவ்வளவு முன்னால் சுடுவது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் மல்லார்ட் ஒரு நொடியில் சுமார் 59 அடி கடக்கும். 1,400 அடி வேகத்தில் கிளம்பிய எஃகு ரவை வழியில் தளர்ந்து 35 கஜத்தைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் எடுக்கும். அதற்குள் பறவை சுமார் 6 அடி நகர்ந்துவிடும். ஓர் ஆள் உயரம்! மூன்று வாத்தை மூக்கோடு வால் சேர்த்து வரிசையாக வைத்த நீளம். முதன்முறை இதைக் கேட்பவர் நம்ப மாட்டார், நான் நம்பவில்லை. குறுக்கே போகும் பறவையில் தவறிய சுடுகளில் பெரும்பாலானவை பின்னால்தான் போகின்றன என்பதற்குக் காரணம் இந்த ஆறடி.

அந்த ஆறடியைக் காற்றில் அளக்க முடியாது. அதற்கு ஒரு வழி: பறவைக்குப் பின்னால் குழலைத் தொடங்கி, வாலைத் தாண்டி, உடலைத் தாண்டி, அலகைத் தாண்டும்போது விசையை இழுத்து, இழுத்த பிறகும் கையை ஓட விடுவது. குழல் பறவையைவிட வேகமாக ஓடுவதால் தேவையான இடைவெளி பெரிதும் தானாகக் கிடைத்துவிடும். முன்னாலேயே இடைவெளி விட்டு அதே தூரத்தில் கூடவே ஓடிச் சுடுவது இன்னொரு முறை, தூரத்துப் பறவைக்கு அது நன்றாக வரும், ஆனால் பழக நாளாகும். எதை எடுத்தாலும் கை நிற்கக் கூடாது. சுட்ட சத்தம் கேட்ட பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் உங்களையே கேளுங்கள்.

இறங்கும் பறவை வேறு. பொம்மை வாத்துகளுக்கு நடுவே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கும் வாத்து நிற்பதுபோல் தெரியும், உண்மையில் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் காலுக்குக் கீழே காட்டுங்கள். நீங்கள் எழுந்ததும் அது மிரண்டு செங்குத்தாக மேலே எழும்பும், அப்போது தலைக்கு மேலே. முதல் சுடு கீழே, இரண்டாவது மேலே என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர் ஒருவரை எனக்குத் தெரியும். நன்றாகச் சுடுவார்.

கூட்டமாக வரும்போது புதியவர் கூட்டத்தை நோக்கிச் சுடுவார். இருபது பறவைக்கு நடுவே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அது விழும் வரைக்கும் அதை மட்டும் பாருங்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சிக்குத் தோட்டாவே வேண்டாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள், தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். 12 கேஜ் குழலில் பொருந்தும் சின்ன டார்ச் ஒன்றை முனையில் செருகி, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் வெளிச்சம் ஓடும்படி மெதுவாகத் தோளில் ஏற்றுங்கள். கட்டை கன்னத்துக்கு வர வேண்டும், தலை கட்டையைத் தேடிக் குனியக் கூடாது. தினம் இருபது முறை. ஒரு மாதத்தில் வெளிச்சம் கோட்டை விட்டு விலகாது.

அப்புறம் களிமண் தட்டு, அதாவது எறிந்து பறக்கவிடும் தட்டைச் சுடும் ஆட்டங்கள். டிராப்பில் தட்டு உங்களை விட்டு விலகிப் போகும். ஸ்கீட்டில் இரண்டு வீடுகளிலிருந்து குறுக்கே பறக்கும், எட்டு நிலைகளில் நின்று 25 தட்டு சுட வேண்டும். ஸ்கீட் 1920-களில் மாசசூசெட்ஸில் பறவை வேட்டைக்காரர்கள் தங்கள் பழக்கத்துக்காகவே உண்டாக்கிய ஆட்டம். வாத்துக்குப் பழக டிராப்பைவிட இதுவும், தட்டு பல விதமாகப் பறக்கும் ஸ்போர்ட்டிங் கிளேஸும் மேல். நடுவே நிற்கும் மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைகளில்தான் குறுக்குப் பறவையின் பாடம் இருக்கிறது. ஓரளவு கைவந்ததும் துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் வைக்காமல், இடுப்பளவில் வைத்துக்கொண்டு தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுங்கள். எண்ணிக்கை சட்டென்று விழும். விழட்டும், வாத்து வருவதற்கு முன் யாரும் "தயாரா?" என்று கேட்கப் போவதில்லை. பருவத்துக்கு முன்னே ஒருநாள் வேட்டைக் கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு சுடுங்கள்.

தூரம், மறைவிடம்

தண்ணீர் மேல் தூரம் ஏமாற்றும். அதனால் இருட்டில் பொம்மை வாத்துகளை வைக்கும்போதே கடைசிப் பொம்மையை அளந்து 35 கஜத்தில் வையுங்கள். அதற்கு அப்பால் இருப்பது வேடிக்கை பார்க்க மட்டும். உயரத்தில் போகும் கூட்டத்தை நோக்கிச் சுட்டால் ஒன்றிரண்டு ரவை பட்டு, விழாமல், கண்ணுக்கெட்டாத நாணலில் போய்ச் சாகும் பறவைதான் மிச்சம். விழுந்த பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உயிரோடு விழுந்தது தலையைத் தூக்கினால், பின்னால் ஆளோ நாயோ படகோ இல்லை என்று பார்த்து, உடனே இன்னொரு சுடு. தண்ணீரைத் தாழ்வாகத் தொடும் ரவை தெறித்துக்கொண்டு வெகுதூரம் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது.

மறைவிடத்தில் இரண்டு பேர் இருந்தால் விடியும் முன்பே எல்லை பேசிவிடுங்கள். இடது பக்கம் வருவது இடதுகாரருக்கு, வலது பக்கம் வலதுகாரருக்கு, நண்பரின் தலையைத் தாண்டிக் குழல் போகவே கூடாது. எழுந்து சுடுவது எப்போது என்று ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். பறவையைச் சுடும் கணத்தில்தான் சேஃப்டி பூட்டை விலக்க வேண்டும். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் துப்பாக்கி காலியாக உறைக்குள் இருக்கட்டும், உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்கட்டும். கால் வழுக்கிக் குழல் முனை சேற்றில் குத்தினால், தோட்டாவை முழுக்க எடுத்துவிட்டு, திறந்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். விரல் நுனி அளவு சேறோ பனியோ குழலைப் பிளக்கப் போதும். துப்புரவுக் கயிறு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருந்தால் அந்த இடத்திலேயே வேலை முடியும்.

அன்று இரவு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் துப்பாக்கியை உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். நனைந்த உறைக்குள் ஓர் இரவு கிடந்தாலே துரு பிடிக்கும், உப்பு நீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். சோக்கைக் கழற்றி அதன் மரையைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மாட்டுங்கள். நான் ஒரு பருவம் முழுவதும் கழற்றாமல் விட்டு, பிற்பாடு அதை எடுக்க ஒரு துப்பாக்கி மெக்கானிக்குக் கொடுத்த கூலியில் இரண்டு புதுச் சோக்கு வாங்கியிருக்கலாம்.